நாட்டியத் தூதும் நாடாளுமன்றக் கணக்கும்

புது தில்லி:

2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பெய்ஜிங் நகரில் 13 வயதுச் சீனச் சிறுமி ஒருவரின் பரதநாட்டிய அரங்கேற்றம் நடைபெற்றது. சீன மண்ணில் முறைப்படி நிகழ்ந்த முதல் அரங்கேற்றம் அது எனச் செய்தி நிறுவனங்கள் தெரிவித்தன. பாட்டும் பக்கவாத்தியமும் நல்கச் சென்னையிலிருந்து இசைக் கலைஞர்கள் சென்றிருந்தனர். கலாக்ஷேத்ராவின் முன்னாள் இயக்குநர் லீலா சாம்சன் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தார். இந்தியத் தூதரகத்தைச் சார்ந்தவர்களும் வந்திருந்தனர்.

அன்றைய அரசியல் சூழலை நினைத்துப் பார்த்தால்தான் இந்தச் சிறு நிகழ்ச்சியின் பொருள் விளங்கும். 2020 ஜூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்தனர். அதன்பின் நான்கு ஆண்டுகளாக லடாக் எல்லையில் இரு நாட்டுப் படைகளும் எதிரெதிரே நின்றன. இரு நாடுகளுக்கும் இடையே நேரடி விமானப் போக்குவரத்து இல்லை. விசா கிடைப்பது அரிதாகியிருந்தது. பிரதமர் நரேந்திர மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் ரஷியாவின் கசான் நகரில் சந்தித்துப் பேசியது, அரங்கேற்றம் முடிந்து இரண்டு மாதங்களுக்குப் பிறகுதான்.

தலைவர்கள் பேசிக் கொள்ளாத காலத்தில் ஒரு சிறுமியின் காற்சலங்கை எப்படி ஒலித்தது? அந்தச் சிறுமி ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பயின்றது ஜின் ஷான்ஷான் என்ற சீன ஆசிரியையிடம். ஜின் ஷான்ஷான் லீலா சாம்சனிடம் பயிற்சி பெற்று 1999-இல் தில்லியில் அரங்கேற்றம் செய்தவர். அவருக்கு முதலில் வழிகாட்டியவர் ஜாங் ஜுன் என்ற மூத்த நடனக் கலைஞர். 1950-களில் இந்திய நடனத்தின்பால் ஈர்க்கப்பட்டு, பின்னர் பலமுறை இந்தியா வந்து பரதநாட்டியமும் கதக்கும் ஒடிசியும் கற்றுச் சென்றவர் ஜாங் ஜுன். பஞ்சசீல உடன்பாட்டை ஒட்டிய நட்புக் காலத்தில், இரு நாடுகளும் கலைக் குழுக்களைப் பரிமாறிக் கொண்ட நாள்களில் விழுந்த விதை அது.

அந்த விதை 1962 போரைத் தாண்டியது. பெய்ஜிங்கில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் ஆடல் பாடல்களுக்கென்றே ஓர் அரசுக் கலைக்குழு, பிரதமர் சூ என்லாயின் ஆதரவுடன் தொடங்கப்பட்டதும் அதே 1962-ஆம் ஆண்டில்தான் என்பது வரலாற்றின் விநோதம். ஜாங் ஜுன் அந்தக் குழுவில் இருந்தவர். அவரிடமிருந்து ஜின் ஷான்ஷானுக்கும், ஜின் ஷான்ஷானிடமிருந்து அந்தச் சிறுமிக்குமாக, மூன்று தலைமுறைகளாகக் கலை கைமாறி வந்திருக்கிறது.

இந்தியா தனது நடனங்களை வெளிநாடுகளுக்கு அனுப்பி நட்பு தேடும் முயற்சி, சுதந்திரத்துக்குப் பிந்தைய அரசின் வயதையே உடையது. எத்தனை நாடுகளுக்கு எத்தனை குழுக்கள் சென்றன, எவ்வளவு செலவாயிற்று என்ற கணக்கு நாடாளுமன்றத்தில் அவ்வப்போது வைக்கப்படுகிறது. ஆனால், சென்ற குழு எதை விட்டு வந்தது, ஆடிவிட்டுத் திரும்பிய கலைஞர் இங்கே எப்படி வாழ்கிறார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை.

ஆசாத் பவனில் தொடங்கிய பயணம்

அரசு இதில் இறங்குவதற்கு முன்பே கலைஞர்கள் இறங்கிவிட்டனர். லண்டனில் ஓவியம் பயின்றுகொண்டிருந்த உதய சங்கர், 1923-இல் ரஷிய பாலே மேதை அன்னா பாவ்லோவாவுடன் சேர்ந்து மேடையேறினார். 1930-களில் தமது சொந்தக் குழுவுடன் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் வலம் வந்தார். பாலே கற்க விரும்பிய ருக்மிணி தேவியிடம், உங்கள் நாட்டின் கலையைத் தேடுங்கள் என்ற பொருள்பட அறிவுரை கூறியவரும் அதே பாவ்லோவாதான். அந்தத் தேடல் 1936-இல் சென்னையில் கலாக்ஷேத்ராவாக உருவெடுத்தது. இந்திய நடனத்தின் மறுமலர்ச்சியிலேயே வெளிநாட்டுத் தொடர்பின் பங்கு உண்டு என்பதை இது காட்டுகிறது.

1950-ஆம் ஆண்டு, நாட்டின் முதல் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத், இந்திய கலாசார உறவுகள் கவுன்சிலை நிறுவினார். ஐ.சி.சி.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த அமைப்பு இன்று வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் உள்ளது. தில்லி இந்திரபிரஸ்தா பகுதியில் உள்ள ஆசாத் பவன்தான் அதன் தலைமையிடம். நிதியும் படைபலமும் இல்லாத புதிய குடியரசு, தன்னிடம் தாராளமாக இருந்த கலையைத் தூது அனுப்பியது இயல்பே.

அன்று பெரிய வல்லரசுகளும் இதே உத்தியைக் கையாண்டன. அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆதரவுடன் மார்த்தா கிரஹாம் நடனக் குழு 1955-56-இல் ஆசிய நாடுகளைச் சுற்றி வந்தபோது தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களிலும் ஆடியது. 1956-இல் மாஸ்கோவின் போல்ஷோய் பாலே லண்டனுக்குச் சென்றது. 1958 ஜனவரியில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கலாசாரப் பரிமாற்ற உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஏவுகணைகளை ஒருவர்மீது ஒருவர் குறிவைத்திருந்த நாடுகள், நடனக் குழுக்களை மட்டும் தடையின்றி அனுப்பிக் கொண்டன.

1961 நவம்பரில் பிரதமர் நேரு வாஷிங்டன் சென்றபோது, அவர் முன்னிலையிலும் அதிபர் கென்னடி முன்னிலையிலும் சென்னையில் பிறந்த இந்திராணி ரஹ்மான் ஆடினார். அப்போது வெளியுலகம் அதிகம் அறிந்திராத ஒடிசி நடனத்தை மேலைநாட்டு மேடைகளுக்குக் கொண்டு சென்றவர்களில் முதன்மையானவர் அவர். ஆனால் நேரு - கென்னடி பேச்சு சோபிக்கவில்லை என்பதே வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. அடுத்த மாதமே கோவா பிரச்னையில் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் அமெரிக்கா இந்தியாவைக் கடுமையாக எதிர்த்தது. நடனம் வெளியுறவுக் கொள்கையை மாற்றிவிடாது. அப்படி எதிர்பார்ப்பதும் சரியன்று.

அதே ஆண்டில் தஞ்சை மரபின் தனிப்பெரும் கலைஞர் டி. பாலசரஸ்வதி டோக்கியோவில் நடந்த கிழக்கு - மேற்கு இசைச் சந்திப்பில் ஆடினார். 1962-இல் அமெரிக்காவிலும் 1963-இல் எடின்பரோ விழாவிலும் ஆடினார். அதன்பின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களில் பல ஆண்டுகள் கற்பித்தார். அவரை அங்கு நிலைநிறுத்தியது ஒரு நாள் கைதட்டல் அன்று, அவரிடம் அமர்ந்து கற்ற மாணவர்கள். கோயில்களுக்குப் பெண்களை அர்ப்பணிக்கும் வழக்கத்தை 1947-இல் சென்னை மாகாணம் சட்டத்தால் ஒழித்தபோது, அந்த மரபில் வந்த கலைஞர்கள் கலைக்குரிய மதிப்பையும் சேர்த்தே இழக்க நேர்ந்தது. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவரை உலகம் ஆசானாக ஏற்றுக் கொண்டது. 1977-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

விழாக்களின் காலம்

1980-களில் இந்த முயற்சி பேருருக் கொண்டது. பிரதமர் இந்திரா காந்தியின் ஆர்வத்தில், புபுல் ஜெயகரின் பொறுப்பில், 'இந்தியத் திருவிழா' என்ற பெயரில் மாதக்கணக்கில் நீளும் விழாக்கள் வெளிநாடுகளில் நடத்தப்பட்டன. முதல் விழா 1982-இல் பிரிட்டனில் நடைபெற்றது. லண்டனில் அதன் தொடக்க நிகழ்ச்சியில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடினார். 1985-86-இல் அமெரிக்காவிலும் பிரான்ஸிலும், 1987-88-இல் சோவியத் ஒன்றியத்திலும், பின்னர் ஜப்பான், ஜெர்மனி, சீனா ஆகிய நாடுகளிலும் விழாக்கள் தொடர்ந்தன.

அமெரிக்க விழாவுக்கான இசைவு 1982-இல் இந்திரா காந்தி அதிபர் ரேகனைச் சந்தித்தபோது எட்டப்பட்டது. விழா தொடங்கியபோது அவர் உயிருடன் இல்லை. 1984-இன் இறுதி மாதங்கள் இந்தியாவுக்குச் சோதனைக் காலமாக இருந்தன. பிரதமர் படுகொலை, தில்லியில் சீக்கியர்கள்மீது நடத்தப்பட்ட வன்முறை, போபால் நச்சுவாயு விபத்து எனத் துயரச் செய்திகளையே உலகம் கேட்டுக் கொண்டிருந்தது. 1985 ஜூன் மாதம் இளம் பிரதமர் ராஜீவ் காந்தி பாரிஸிலும் வாஷிங்டனிலும் விழாக்களைத் தொடங்கி வைத்தபோது, நாட்டின் வேறொரு முகத்தை அந்த மக்கள் கண்டனர்.

இந்த விழாக்கள்மீது விமர்சனமும் எழாமல் இல்லை. ஏழை நாட்டுக்கு இத்தகைய ஆடம்பரம் தேவையா என்று எதிர்க்கட்சியினர் கேட்டனர். அரிய சிற்பங்களைக் கடல் கடந்து அனுப்புவதற்கும் எதிர்ப்பு இருந்தது. யானை, குதிரைகளுடன் நாட்டுப்புறக் கலைஞர்களை நிறுத்தி, இந்தியாவைக் கண்காட்சிப் பொருளாக்குவதாகச் சிலர் குறை கூறினர். அந்தக் குறையில் உண்மை உண்டு. ஆனால் அந்த விழாக்களில்தான், அரசவை மரபிலும் கோயில் மரபிலும் வராத கலைஞர்கள் முதன்முறையாகப் பெருமளவில் அரசின் தூதுவர்களாகச் சென்றனர் என்பதையும் மறுக்க முடியாது.

தூதுவரும் இரவலரும்

ராஜஸ்தானின் பாம்பாட்டிச் சமூகமான கல்பேலியாக்களைச் சேர்ந்த குலாபோ சபேரா 1985-இல் வாஷிங்டன் சென்று ஆடினார். பெண்ணாகப் பிறந்ததால் பிறந்த அன்றே மண்ணில் புதைக்கப்பட்டு, பின் மீட்கப்பட்டவர் தாம் என்று அவரே பல பேட்டிகளில் கூறியிருக்கிறார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் விளைவாகப் பாம்பாட்டும் தொழிலை இழந்து தவித்த அந்தச் சமூகத்துக்கு, பெண்களின் ஆட்டமே பிழைப்பு வழியாக மாறியது. 2010-இல் யுனெஸ்கோ தனது பண்பாட்டு மரபுப் பட்டியலில் கல்பேலியா ஆடல் பாடலைச் சேர்த்தது. 2016-இல் குலாபோவுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. வெளிநாட்டு மேடை ஒன்று உள்நாட்டில் ஒரு சமூகத்தின் மதிப்பை உயர்த்தியதற்கு இது நல்ல சான்று.

இதற்கு நேர்மாறான சான்று தலைநகரிலேயே உள்ளது. மேற்கு தில்லியில் ஷாதிபூர் பணிமனை அருகே கட்புத்லி காலனி என்ற குடிசைப் பகுதி இருந்தது. பொம்மலாட்டக்காரர்கள், கழைக்கூத்தாடிகள், மாயவித்தைக்காரர்கள், மேளக்காரர்கள் எனத் தெருக் கலைஞர்கள் தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தனர். 1985-இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் இந்திய மேளா ஒன்றை நடத்தியபோது, அந்தக் காலனியின் கலைஞர்களும் அழைத்துச் செல்லப்பட்டு, அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் கண்ணுக்குத் தெரியும் திடலில் தங்கள் திறமையைக் காட்டினர்.

அவர்கள் தில்லிக்குத் திரும்பியபோது அவர்களுக்குக் காத்திருந்தது எது? தில்லிக்கும் பொருந்தும்படி நீட்டிக்கப்பட்டிருந்த 1959-ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் ஆடியோ பாடியோ வித்தை காட்டியோ காசு பெறுவதையும் பிச்சை என்றே வரையறுத்திருந்தது. கடல் கடந்து ஆடினால் நாட்டின் தூதுவர், கன்னாட் பிளேஸில் ஆடினால் கைது செய்யத்தக்க இரவலர் என்பதுதான் நிலை. அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைத் தில்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் செல்லாதவை என்று அறிவிக்கும்வரை இந்த முரண்பாடு நீடித்தது.

காலனியும் தப்பவில்லை. அதே இடத்தில் அடுக்குமாடி வீடுகள் கட்டித் தருவதாகக் கூறி, தனியார் கட்டுமான நிறுவனத்தின் துணையுடன் தில்லி வளர்ச்சி ஆணையம் திட்டம் வகுத்தது. எதிர்ப்புகளுக்கு இடையே 2017 அக்டோபர் இறுதியில் குடிசைகள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் தற்காலிக முகாமுக்கும் நகரின் விளிம்புக்கும் அனுப்பப்பட்டன. வாக்களித்த காலத்தில் வீடுகள் எழவில்லை. பாட்டும் வாத்தியமும் பொம்மைகளும் ஒரே சந்தில் கிடைத்ததால்தான் அங்கே குழுக்கள் அமைந்தன. மக்கள் சிதறியபோது குழுக்களும் சிதறின.

தெருவுக்கு வந்த பத்மஸ்ரீ

தெருக் கலைஞர்களுக்குத்தான் இந்தக் கதி, சாஸ்திரீயக் கலைஞர்கள் பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்று எண்ணினால் அதுவும் தவறு. 2022 ஏப்ரல் மாத இறுதியில், தெற்கு தில்லியின் ஆசிய விளையாட்டு கிராமத்தில், ஒடிசி குரு மாயாதர் ராவுத் அரசுக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்டார். அப்போது அவருக்கு வயது 90-ஐ ஒட்டி இருந்தது. வீட்டுச் சாமான்களுடன் அவருடைய பத்மஸ்ரீ விருதுப் பட்டயமும் தெருவோரத்தில் கிடந்த புகைப்படத்தை நாடே பார்த்தது.

ஒடிசி நடனத்துக்கு இன்றைய வடிவம் தந்தவர்களில் ஒருவர் மாயாதர் ராவுத். 1950-களில் சென்னைக்கு வந்து கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவியின் நிழலில் பயின்றவர். அங்கு கற்ற முத்திரை, அபிநய இலக்கணத்தின் துணையுடன் ஒடிசியின் அபிநயத்தைச் செம்மைப்படுத்தியவர். இன்று உலகின் எந்த மேடையில் இந்தியாவின் சார்பில் ஒடிசி ஆடப்பட்டாலும், அதில் அந்தத் தலைமுறை ஆசான்களின் உழைப்பு கலந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் அவர் காலமானார்.

அரசுத் தரப்பின் வாதத்தையும் பதிவு செய்தாக வேண்டும். புகழ்பெற்ற கலைஞர்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கே வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2014-க்குப் பின் அந்த ஒதுக்கீடு நீட்டிக்கப்படவில்லை. 2020 முதல் பலமுறை நோட்டீஸ் அனுப்பப்பட்டது. உயர் நீதிமன்றம் அளித்த கூடுதல் அவகாசமும் முடிந்த பிறகே வெளியேற்றம் நடந்தது என்று அதிகாரிகள் கூறினர். சட்டப்படி இதில் பிழை காண்பது கடினம். கதக் மேதை பிர்ஜு மஹராஜும் அப்படி நோட்டீஸ் பெற்றவர்களில் ஒருவர் என்பதை நினைக்கும்போது, பிழை சட்டத்தில் இல்லை, முதிய கலைஞருக்கு வேறு ஏற்பாடே செய்யாத கொள்கையில் இருக்கிறது என்பது புலனாகும்.

அந்த வேறு ஏற்பாடு என்ன என்று பார்ப்போம். 60 வயதைக் கடந்த, ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாத முதிய கலைஞர்களுக்கு, மத்திய கலாசார அமைச்சகம் மாதம் 6,000 ரூபாய் வரை உதவித்தொகை வழங்குகிறது. குரு - சீட முறையில் குழு நடத்துவோருக்கான மானியத் திட்டத்தில் குருவுக்கு மாதம் 15,000 ரூபாய், சீடருக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். தில்லியில் ஓர் அறை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இந்தத் தொகையின் மதிப்பு தெரியும்.

இரண்டு அமைச்சகங்கள், ஒரே கலைஞர்

வெளிநாட்டுக்கு நடனக் குழுவை அனுப்பும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கே நேரான பதில் இல்லை. வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் உள்ள ஐ.சி.சி.ஆர். குழுக்களை அனுப்புகிறது. கலாசார அமைச்சகமும் தனது திட்டத்தின்கீழ் வெளிநாடுகளில் இந்தியத் திருவிழாக்களை நடத்துகிறது. நாடுகளுடன் கலாசாரப் பரிமாற்ற உடன்பாடுகளில் கையெழுத்திடுவது கலாசார அமைச்சகம். அவற்றை அந்தந்த நாட்டில் நடைமுறைப்படுத்த வேண்டியவை வெளியுறவு அமைச்சகத்தின் தூதரகங்கள். சங்கீத நாடக அகாதெமி கலாசார அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. விருது கொடுப்பது ஒரு கை, விமானச் சீட்டு கொடுப்பது வேறொரு கை.

நாடாளுமன்றத்தின் வெளியுறவுத் துறை நிலைக்குழு இதை இருமுறை விரிவாக ஆராய்ந்துள்ளது. சசி தரூர் தலைமையிலான குழு 2016-இலும், பி.பி. சௌத்ரி தலைமையிலான குழு 2022-இலும் இந்தியாவின் மென்சக்தி குறித்து அறிக்கைகள் அளித்தன. ஒருவர் காங்கிரஸ், மற்றவர் பாரதிய ஜனதா. இருந்தும் இரு அறிக்கைகளும் ஏறத்தாழ ஒரே குறைகளைச் சுட்டிக்காட்டின. நிதி போதாது, ஆள் பற்றாக்குறை உள்ளது, பல அமைச்சகங்களின் பணி ஒருங்கிணைக்கப்படவில்லை, தெளிவான கொள்கை ஆவணம் தேவை என்பவையே அவை. கட்சி வேறுபாடு கடந்து குழுக்கள் ஒரே கருத்தைச் சொன்னால் அரசு செவிசாய்க்கும் என்பது பொது நம்பிக்கை. இந்த விஷயத்தில் அந்த நம்பிக்கை பொய்த்துவிட்டது. ஆறு ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டாவது அறிக்கையும் முதல் அறிக்கையின் குறைகளையே திரும்பக் கூற நேர்ந்ததே அதற்குச் சான்று.

குழுக்களைத் தேர்ந்தெடுக்க ஐ.சி.சி.ஆர். தர அடிப்படையில் கலைஞர் பட்டியல் வைத்துள்ளது. அதில் இடம்பெறுவதே பலருக்கு வாழ்நாள் முயற்சி. பட்டியலில் இருந்தும் அழைப்பு வராதவர்கள் உண்டு. அழைப்பு வந்தாலும் செலவைக் குறைப்பதற்காகக் குழுவின் எண்ணிக்கையைச் சுருக்கச் சொல்கிறார்கள் என்பது நடனக் கலைஞர்களின் நெடுநாளைய குறை. அப்போது முதலில் கழற்றிவிடப்படுபவர்கள் பக்கவாத்தியக்காரர்கள். நட்டுவாங்கமும் மிருதங்கமும் நேரில் ஒலிக்க வேண்டிய இடத்தில் பதிவு செய்த இசை ஒலிக்கிறது. அரங்கில் அமர்ந்திருப்போரும் பெரும்பாலும் அந்நாட்டில் குடியேறிய இந்தியர்களே என்றால், தூது யாருக்கு என்ற கேள்வி எழுகிறது.

நாடாளுமன்றத்தில் இதைப் பேசத் தகுதியுள்ளோர் இல்லாமலும் இல்லை. ருக்மிணி தேவி 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1969-இல் ஐ.நா. பொதுச்சபை அரங்கில் ஆடிய வைஜயந்திமாலா, 1984-இல் தென் சென்னைத் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கலைக் கொள்கையை வகுத்ததில் பெரும் பங்காற்றிய கபிலா வாத்ஸ்யாயன், 2018 முதல் 2024 வரை இருந்த சோனல் மான்சிங் ஆகியோரும் நியமன உறுப்பினர்களாக இருந்தவர்களே. கலைஞர்களை அவைக்கு அழைத்துப் பெருமைப்படுத்திய அளவுக்கு, கலைஞர்களின் வாழ்வை அவை விவாதித்ததில்லை.

தங்கி வேர்விடும் கலை

அரசு வெற்றி கண்ட இடங்கள் எவை என்று பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. 1972-இல் கயானாவின் ஜார்ஜ்டவுனிலும் ஃபிஜியின் சுவாவிலும் ஐ.சி.சி.ஆர். தனது முதல் கலாசார மையங்களைத் திறந்தது. நடன ஆசிரியரை அங்கேயே தங்க வைத்துக் கற்பிக்கும் ஏற்பாடு அது. 1989-இல் மாஸ்கோவில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு கலாசார மையம், சோவியத் ஒன்றியமே மறைந்த பின்னும் வகுப்புகளைத் தொடர்ந்தது. இலங்கை உள்ளிட்ட நாடுகளின் மாணவர்கள் ஐ.சி.சி.ஆர். உதவித்தொகையில் கலாக்ஷேத்ராவுக்கும் பிற கல்லூரிகளுக்கும் வந்து கற்றுச் செல்கின்றனர். அவர்களில் பலர் தம் ஊரில் பள்ளி தொடங்குகின்றனர்.

பிரான்ஸைச் சேர்ந்த மிலேனா சால்வினி 1960-களின் தொடக்கத்தில் கேரள கலாமண்டலத்தில் கதகளி பயின்றார். 1975-இல் பாரிஸில் மண்டபா என்ற மையத்தைத் தொடங்கி, 2022-இல் மறையும்வரை இந்தியக் கலைஞர்களுக்கு ஐரோப்பாவின் கதவைத் திறந்து வைத்திருந்தார். அடையாறு கே. லட்சுமணனிடம் பரதநாட்டியமும் தேவபிரசாத் தாஸிடம் ஒடிசியும் கற்ற மலேசியாவின் ராம்லி இப்ராஹிம், தம் நாட்டில் எழுந்த மதவாத எதிர்ப்புகளையும் மீறி நடனப் பள்ளி நடத்தி வருகிறார். இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கி இந்தியா கௌரவித்தது. ஒரு நாள் நிகழ்ச்சி செய்ய முடியாததைச் செய்தவர்கள் இவர்கள்.

கட்டடம் மட்டும் போதாது என்பதற்கு யாழ்ப்பாணம் பாடம். 2015-இல் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டிய கலாசார மையம், இந்திய நிதியுதவியில் பதினொரு மாடிக் கோபுரத்துடன் எழுந்தது. கட்டி முடிந்த பின்பும், பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியால் தாமதம் ஏற்பட்டு, 2023 பிப்ரவரியில்தான் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டபோது, பெயர்ப்பலகையில் தமிழ் எந்த இடத்தில் வர வேண்டும் என்ற சர்ச்சையும் எழுந்தது. போரில் நொந்த மக்களுக்கு இந்தியா அளித்த அரிய கொடை அது. அங்கு நாள்தோறும் சலங்கை ஒலிக்கிறதா என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்கும்.

இனி செய்ய வேண்டியவை பெரிய தொகை கோருபவையும் அல்ல. ஒரு குழுவை ஒரு நாள் ஆடவிட்டு அழைத்து வருவதற்குப் பதில், ஓரிரு வாரம் தங்கிப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கற்பிக்கும்படி பயணத்தை அமைக்கலாம். இரு அமைச்சகங்களின் வெளிநாட்டு நிகழ்ச்சிகளையும் ஒரே பட்டியலில் கொண்டுவந்து நாடாளுமன்றத்தில் வைக்கலாம். நாட்டின் பெயரால் வெளிநாடு சென்று ஆடியவர்களுக்கும், அவர்களை உருவாக்கிய ஆசான்களுக்கும், முதுமையில் கூரையும் மருத்துவமும் உறுதி செய்யும் நிதியம் ஒன்றை ஏற்படுத்தலாம். ஓய்வுபெற்ற தூதருக்கு ஓய்வூதியம் உண்டு. அவர் செல்ல முடியாத இடங்களுக்கும் சென்று வந்த கலைஞருக்கு, வருமானச் சான்றிதழுடன் வரிசையில் நின்றால்தான் 6,000 ரூபாய் என்பது நியாயமாகுமா?

பெய்ஜிங் சிறுமியின் அரங்கேற்றத்துக்கு வித்திட்டவர்கள் எந்த ஆண்டறிக்கையிலும் எண்ணிக்கையாக இடம்பெற்றிருக்க மாட்டார்கள். பொறுமையுடன் கற்பித்த ஆசான்களும் பொறுமையுடன் கற்ற மாணவர்களும்தான் அவர்கள். அடுத்த முறை கலாசாரத் தூது குறித்து அவையில் கேள்வி எழும்போது, எத்தனை குழுக்கள் சென்றன என்பதோடு நில்லாமல், எத்தனை ஆசிரியர்கள் அங்கே தங்கினார்கள், திரும்பி வந்தவர்கள் இங்கே எங்கே தங்கியிருக்கிறார்கள் என்றும் உறுப்பினர்கள் கேட்க வேண்டும். அந்த இரண்டு விவரங்களும் அமைச்சரின் பதிலோடு அவையின் மேஜையில் வைக்கப்படட்டும்.